கடைசி அத்தியாயம் வாசிக்காதவனின் கருத்து

நானா,

போன கிழமை உங்கள் மகள் கிண்ணியாவிலிருந்து வந்து, உங்கள் அலுமாரியில் கிடந்ததென்று ஒரு புத்தகத்தைத் தந்தாள். பூச்சி உருண்டை மணம். எங்கள் வாசகர் வட்டத்துப் புத்தகம். மலையுச்சியில் மறைந்துபோன நகரத்தைத் தேடிப் போகிறவர்களின் பழைய சாகச நாவல்.

வாசித்து முடித்தவர் பின்னட்டையில் ஒட்டிய தாளில் கருத்து எழுதி, அடுத்தவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். உங்கள் கருத்து ஒரே வரி: ‘நகரம் தண்ணீருக்குள் போகிற இடத்தில் அழுதுவிட்டேன்.’ அதன் கீழே என் கையெழுத்தில், ‘சிறுபிள்ளைக் கதை. பெரியவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.’ தமிழ் படிப்பித்தவன் என்ற திமிர். உண்மையில் நான் இருபது பக்கத்துக்கு மேல் வாசிக்கவேயில்லை.

கூட்டத்தில் அத்தோடு விட்டேனா? “மலை உச்சியில இருக்கிற நகரம் எப்பிடி நானா தண்ணிக்குள்ள போகும்? நித்திரையில வாசிச்சனீங்களோ?” என்று கேட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆணிக்கடை வைத்திருப்பவர் இலக்கியம் பேச வந்தால் இப்படித்தான் என்பதுபோல நானும் சிரித்தேன். புத்தகம் உங்கள் கையில்தான் இருந்தது. நீங்கள் அதை மூடினீர்கள். “நான் பிழையா விளங்கியிருப்பன், மாஸ்டர்” என்றீர்கள்.

அன்று பஸ் நிலையத்தில், “ஒருக்கா வீட்டுப் பக்கம் வாங்க மாஸ்டர். கடைசி அத்தியாயத்தை ரெண்டு பேரும் ஆறுதலா வாசிப்பம்” என்று கூப்பிட்டீர்கள். நேரமில்லை என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் புத்தகத்துக்கும் கருத்து எழுதவில்லை. கேட்டால், “மாஸ்டர் எழுதட்டும்” என்பீர்கள். என் கருத்தைப் பார்த்து அந்த நாவலை வேறு எவரும் எடுக்கவுமில்லை. அதனால் என் குட்டு உடையவில்லை.

இப்போது முழுவதையும் வாசித்துவிட்டேன். உச்சியில் ஒரு பள்ளத்தில்தான் நகரம். அதற்கு மேலே ஓர் ஏரி. கடைசி அத்தியாயத்தில் அதன் அணை உடைகிறது. வீதி வீதியாகத் தண்ணீர் ஏறுகிறது. நான் வாசிக்கவில்லை என்பது உங்களுக்கு அந்தக் கூட்டத்திலேயே தெரிந்திருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் அன்றோடு என் மானம் கப்பலேறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர், “அட விடுங்கோ மாஸ்டர், பகிடிக்குத்தானே சொன்னனீங்கள்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். தேநீர் வந்தது. வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் என்னை அவ்வளவு லேசாக விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. என்னைக் கோபிக்க உரிமையுள்ள ஒரே ஆள் நீங்கள். நீங்களோ ஆளில்லாத இடத்தில் வைத்து என்னைத் திருத்தப் பார்த்தீர்கள், எனக்கு வெட்கமாகிவிடக் கூடாதென்று. அந்த வெட்கம் இப்போது முழுக்க என்னிடம் இருக்கிறது, நானா. வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.