அண்ணை பார்க்காமல் சொன்ன பதில்

14 ஓகஸ்ட் 1980, வியாழன்

பாடக்குறிப்புக்கு வாங்கிய கொப்பியில் இதை எழுதுவது பிழைதான். எழுதாவிட்டால் நித்திரை வராது.

அடுத்த கிழமை அண்ணைக்குப் பெரிய ஜெட் விமானம் ஓட்டும் சோதனை. தவறினால் மறுபடியும் சின்ன விமானம்தான். லீவில் தொண்டைமானாற்று வீட்டுக்கு வந்தும், விமானி அறையின் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பழகுகிறார். துணை விமானியாக நான் பக்கத்தில் இருந்து, தரையிறங்குமுன் பார்க்கவேண்டியவற்றைப் பட்டியலிலிருந்து வாசிப்பேன். அவர் ஒவ்வொன்றையும் படத்தில் பார்த்து, தொட்டு, பதில் சொல்லவேண்டும். பார்க்காமல் சொன்னால் நான் நிறுத்தவேண்டும்.

இன்று பின்னேரம் அண்ணைக்குக் கலியாணம் பேசியிருக்கும் பெண்ணின் தாய் தகப்பன் வந்திருந்தார்கள்.

“தம்பி, மெல்ல இறக்குங்கோ, கறிச்சட்டி கவிழப்போகுது!” என்றார் பெண்ணின் தாயான மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சக்கரங்களின் வரிக்கு வந்து “சில்லுகள்?” என்று வாசித்தேன். அண்ணை மாமியைப் பார்த்துச் சிரித்தபடியே “இறங்கியிட்டுது” என்றார். கை படத்துக்குப் போகவில்லை. கண்டும் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவர்கள் போன பிறகு அவருக்கே நினைவு வந்தது.

“சில்லை நான் பார்க்கேல்லை. நீ கண்டனியோ?”

“ஓம்.”

“பிறகேன் பேசாமல் இருந்தனீ?”

“ஆக்கள் இருந்தவை, அண்ணை.”

“விமானத்திலையும் எனக்குப் பின்னாலை ஆக்கள் இருப்பினம். முந்நூறு பேர்.”

ஏசவில்லை. பட்டியலை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இனித் தானே வாசித்துப் பழகுவாராம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். மாமிக்கு முன்னால் ‘நிறுத்துங்கோ’ என்ற ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

இதையும் அவரிடம் கேட்காமலே வந்து படுத்துவிட்டேன்: அண்ணை, நாளைக்கும் பட்டியலை என்னட்டைத் தாங்கோ. மாமி இருந்தாலும் நிப்பாட்டுவன்.