கிழியாத பதினாறு தகடுகள்

மார்ச் 4
அலுமினியத் தகட்டை அழுத்திக் கார் கதவாக்கும்போது எங்கே கிழியும் என்று கணினியில் முன்கூட்டிச் சொல்வது என் வேலை. கைப்பிடி மூலையில் கிழியும் என்றது கணினி. சோதனைக்குப் போட்ட பதினாறில் ஒன்றுகூடக் கிழியவில்லை! ஆகவே கணினியில் போட்டிருந்த உராய்வின் அளவை, சோதனையோடு ஒத்துப்போகும்வரை குறைத்தேன். திரை முழுக்கப் பச்சை, எங்குமே கிழியாது என்று. மேலாளர் ரகுபதி கைகுலுக்கினார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாம்.

மார்ச் 11
ஐயோ. உற்பத்தியின் முதல் நாளே நாற்பதில் பதினொன்று கிழிந்துபோச்சு. எல்லாம் கைப்பிடி மூலையில். எப்படி? கணக்கை மூன்று முறை பார்த்துவிட்டேன். சரியாகத்தானே இருக்கிறது?

மார்ச் 12
தகட்டில் தடவும் எண்ணெய் போதவில்லை, இயந்திரம் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று அறிக்கை கொடுத்தேன். ஓட்டியது மலர்க்கொடி அக்கா. வியாசர்பாடியில் எங்கள் எதிர்வீடு. சாயந்திரமே சஸ்பெண்ட். இவ்வளவு சீக்கிரமாகவா?

மார்ச் 13
அக்கா வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை.
"எப்பவும் வுடுற எண்ணெய்தான் யசோ வுட்டேன். உன் டிரையலுக்குத்தான் கையால ரெண்டு வாட்டி கூடத் தடவுனேன். நம்ம பொண்ணு பாஸாவணும்ல?"
எண்ணெய் கூடினால் தகடு வழுக்கிக்கொண்டு இறங்கும், கிழியாது. கணினி முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கு. நான்தான், படித்த முட்டாள், அதன் வாயை அடைத்திருக்கேன்.

மார்ச் 14
சோதனைத் தகட்டில் யாராவது கைவைத்தால் என்ன ஆகும் என்று ரகுபதி சாரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.
"தொழிலாளியா? அன்னிக்கே டிஸ்மிஸ்."
உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு வேலையே போகும். சொல்லாவிட்டால் என் பழி அவர் தலையில். மூன்று பிள்ளைகள் இருக்கே அவருக்கு.

மார்ச் 16
அறிக்கையின் நகலை எடுத்து மறுபடி படித்தேன்.

மார்ச் 17
அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். "டிரையல் தகட்டுக்குக் கூடுதலா எண்ணெய் தடவச் சொன்னது நான்தான் சார். மலர்க்கொடி மேல தப்பில்ல."
"நீயா?" இரண்டு தரம் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மதியத்துக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நானா இப்படிப் பொய் சொன்னேன்? இன்னும் நம்ப முடியவில்லை.

மார்ச் 18
அக்காவை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். காலையில் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றார்.
"இன்னாடி, இன்னும் குளிக்கல? கம்பெனி பஸ் வந்துனுகீது!"
"இன்னிக்கு லீவுக்கா. நீ போ."
"சரி, ஒடம்பப் பாத்துக்கோ. நாளைக்கு ஜன்னல் சீட்டு உனக்குப் போட்டு வெக்கிறேன், வா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.