புளியந்தோப்பில் எனக்கும் ஒரு இடம்

மலையிலிருந்து என்னோடு இறங்கி வந்து, போன வருடம் சித்திரையில் என்னைக் கீழேயே விட்டுவிட்டுத் திரும்ப ஏறிப் போன என் வீட்டுக்காரருக்கு,

நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைக் காது கொடுத்துக் கேட்க மாட்டீர்கள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பசிக்குக் குறைவில்லை. ஒடுகத்தூர்க் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுவிட்டேன், நீங்கள் வேண்டாம் என்ற அதே இடத்தில். மழைத்தண்ணீர் தேங்கும் என்றீர்கள். தேங்கவில்லை.

இந்த வருடம் மலைப் புளி நல்ல சிவப்பு, சதையும் கனம். சாமை வாங்க வேலூரிலிருந்து காரில் வருகிறார்கள். சர்க்கரைக்கு நல்லதாம். நாம் வேறு கதியில்லாமல் தின்றதை அவர்கள் டாக்டர் சொல்லித் தின்கிறார்கள். எனக்கென்ன, நிறுத்துக் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடுவதாகப் பாஸ்டர் சொல்லியிருக்கிறார். அதனால் உங்களோடு சேர்த்து நாலு பேர் படிப்பார்கள். சபை மூப்பரும் படிப்பார். படிக்கட்டும், அவர் முகத்துக்கு நேராகவும் இதைத்தான் சொல்லுவேன்.

விஷயம் இதுதான். கல்லறைத் தோட்டத்துக்காகச் சபை புதிதாக ஒரு நிலம் வாங்கியிருக்கிறது. கணவன் மனைவி பக்கத்துப் பக்கத்தில் படுக்கிற மாதிரி, குடும்பம் குடும்பமாக இடம் ஒதுக்குகிறார்கள். அதற்காக மூப்பர் கடைக்கு வந்தார். நான் புளியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா, உன் பேர மட்டும் சொல்லிடட்டுமா?” என்றார்.

அந்த ‘மட்டும்’ எனக்குச் சுருக்கென்றது. “அவருதான் மேல நம்ம புளியந்தோப்புல கீறாரே” என்றேன்.

“அவரு ரட்சிக்கப்படாம போயிட்டாரு. வழி ஒன்னுதான்னு உனக்கு நான் சொல்லணுமா? நீயாவது விசுவாசிங்களோட படு. அங்க போய் அவிசுவாசிங்க நடுவுல படுத்தா உயிர்த்தெழுற அன்னிக்குப் பக்கத்துல யாரு இருப்பா?”

கெட்ட மனசோடு சொல்லவில்லை, எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு உடனே கோபம் வரவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கெல்லாம் வேலை ஓடவில்லை. உங்களை நான் இனி பார்ப்பேனா, மாட்டேனா? ஒரு வருடமாக நான் கேட்காமல் தள்ளிப்போட்ட கேள்வியை அந்த மனுஷர் கல்லாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

நான் ஞானஸ்நானம் வாங்கியதற்கு நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொண்டுவந்து சபைக் கோயில் கேட்டில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வீர்கள். பிரசங்கம் நீண்டால் ஹார்ன் அடிப்பீர்கள். “உள்ள வந்து உக்காந்தா இன்னா, கூரை வுழுந்துடுமா?” என்று கேட்பேன். “எனக்கும் சேத்து நீயே கும்புட்டுக்கினு வா மே. வூட்டுக்கு ஒரு ஆள் போதும்” என்பீர்கள்.

நானும் உங்கள் பக்கத்துப் படையலைத் தொட மாட்டேன். சாமிக்கு வைத்ததை நான் சாப்பிடுவதில்லை என்பதால், படைப்பதற்கு முன்பே எனக்கென்று ஒரு தூக்கில் சோறும் குழம்பும் எடுத்து வைத்துவிடுவீர்கள். மலையில் யாரும் செய்யாத காரியம் அது. “சாமிக்கு முன்னாடி பொண்டாட்டிக்காடா?” என்று பங்காளிகள் கேலி செய்தபோது, “சாமி பொறுத்துக்கும்யா, அவ பொறுத்துக்க மாட்டா” என்றீர்களே!

ஒரே ஒரு தடவைதான் சிரிக்காமல் பதில் சொன்னீர்கள். புளி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது லாரி பழுதாகி ஒரு வளைவில் நின்றோம். டிரைவர் அடியில் படுத்திருந்தார். செத்த பிறகு நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“இருக்கணும்தான்” என்றீர்கள்.

“அப்ப வர வேண்டியதுதானே?”

“எங்க அப்பன், எங்கம்மா, அவங்களுக்கு முன்ன இருந்தவங்க யாரும் உன் சாமி பேரக் கேட்டது கூடக் கெடையாது. நான் மட்டும் அந்தப் பக்கம் வந்துட்டா அவங்களுக்கு யாரு இருக்காங்க? நீ தெகிரியக்காரி, தனியா இருந்துக்குவ. அவங்க இருக்க மாட்டாங்க மே.”

நான் டிரைவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதாவது இயேசுவை நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். மூச்சு வாங்கிக்கொண்டு என்ன சொன்னீர்கள்? “உனக்காகச் சொல்லிடலாம். பொய்யின்னு உன் சாமிக்குத் தெரியாதா?” என்றீர்கள். அப்புறம் தண்ணீர் கேட்டீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சரக்கு இல்லாத மூட்டையைக் கட்டிக் கொடுக்கிற ஆள் இல்லை நீங்கள்.

மூப்பர் வந்து போன விஷயத்தை உங்கள் தங்கச்சி பச்சையம்மாவிடம் போனில் சொன்னேன். “எல்லா சாமியும் ஒன்னுதான் அண்ணி, எந்த வழில போனாலும் ஒரே எடந்தான், உடுங்க” என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள், தெரிகிறது. ஆனால் எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. ஏலகிரி ரோட்டில் வண்டி ஏறினால் ஏலகிரிக்குத்தான் போகும், நம் ஊருக்கு வராது. எந்த ரோடாக இருந்தாலும் சரி என்று டிரைவரிடம் சொல்லி நான் ஒரு லோடு அனுப்பியதில்லை. இயேசுதான் வழி என்று நான் நம்புகிறேன். ஊருக்காக அதை மாற்றிச் சொன்னால் நீங்களே என்னை மதிக்க மாட்டீர்கள்.

அதனால் பாஸ்டரிடமே போகலாம் என்று நினைத்தேன். அவரே புளி வாங்க வந்தார். சின்ன வயசுக்காரர், போன வருடம்தான் நம் சபைக்கு மாற்றலாகி வந்தவர். ஒரு மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“எங்க வூட்டுக்காரர் நரகத்துல இருக்காரா? ஆமாவா, இல்லையா?”

பாவம், கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, ரட்சிப்புக்கு வழி இயேசு ஒருத்தர்தான். அத நான் குறைச்சுச் சொல்ல முடியாது.”

“குறைக்கச் சொல்லல. நானும் அதத்தான் நம்பறேன். அந்த வழில இவரு போனாரா இல்லையா? அத உங்களால சொல்ல முடியுமா?”

யோசித்துவிட்டு, “முடியாது” என்றார்.

“போகலன்னு சொல்ல முடியுமா?”

“அதுவும் முடியாதும்மா. யாருக்கு இரக்கம் காட்டணும்னு கர்த்தர் என்கிட்ட வந்து கேட்டுட்டுப் போறதில்ல.”

“அப்ப மூப்பருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“அவரு எனக்கு முன்னாடியே இங்க இருக்கறவராச்சே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் பொறுமையாகப் பேசினார். வாயால் அறிக்கை செய்தால்தான் ரட்சிப்பு என்று சொல்கிற கிறிஸ்தவர்கள் உண்டாம். இயேசுவின் பேரே தெரியாமல் செத்தவர்களையும் அவரே காப்பாற்றுவார் என்று நம்புகிறவர்களும் உண்டாம். வழி ஒன்றுதான் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. “அப்படின்னா எங்க மாமனார் மாமியாருக்கு வழி இருக்கு” என்றேன். “இருக்கலாம்மா. ஆனா உங்க வீட்டுக்காரருக்குப் பேர் தெரியும். கேட்டுக்கு வெளிய உக்காந்து பிரசங்கம் பூரா கேட்டவரு. அவரு விஷயம் அவங்களவிடக் கஷ்டம். உங்களுக்கு நான் பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன்” என்றார்.

அந்த வார்த்தை வலித்தது. ஆனாலும் அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. மூட்டையின் மேலே நல்ல புளியை வைத்து அடியில் நாரை மறைக்காதவர்.

அவர் போன பிறகு நிதானமாக யோசித்தேன். கண்ணால் பார்க்காத சரக்குக்கு நான் இதுவரை விலை சொன்னதில்லை. உங்கள் உள்ளே என்ன இருந்தது என்று பிரித்துப் பார்த்தவர் யார்? நானே பார்த்ததில்லை, மூப்பர் எப்படிப் பார்த்தார்? வழி ஒன்றுதான். அதன் அகலத்தை அளந்தவர் நம் சபையில் யாரும் இல்லை. கடைசியில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். நீங்கள் ஆண்டவரிடம் இல்லை என்று யாராலும் எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது, நான் ஏன் வேறு இடத்தில் போய்ப் படுக்க வேண்டும்?

ஆனால் தோப்பில் படுக்க நான் மட்டும் முடிவு செய்தால் போதாதே. அது உங்கள் பங்காளிகளுக்குப் பொது. உங்கள் முதல் வருசத்துப் படையலுக்கு மேலே போனபோது, உங்கள் பெரியப்பா மகன் மாமாவிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“கோயிலுக்கு வர மாட்ட, பொங்கலுக்கு வர மாட்ட, செத்தா மட்டும் வருவியா?” என்றார். பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு மூப்பர்!

அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, அவன் எலையில மொத பிடி சோறு நீ வை. நம்ம ஆளுன்னு ஒத்துக்கறோம்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாழை இலை விரித்திருந்தது, சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு பிடி சோறுதான். வைத்திருந்தால் அங்கேயே வேலை முடிந்திருக்கும். கீழே யாருக்கும் தெரியாது.

“முடியாது மாமா. அவருக்கு உயிரோட இருக்கும்போது நெறைய போட்டுட்டேன். இப்ப எலையில வெச்சா நான் நம்பாதத செஞ்ச மாதிரி ஆயிடும்” என்றேன்.

போச்சு, இனி சபை நிலம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றாங்க. இவங்கள நம்பலாம். உள்ள ஒன்னு வெளிய ஒன்னா கும்புடறவங்களக் கொண்டாந்து பக்கத்துல போட்டாத்தான் எங்க அண்ணனுக்குத் தூக்கம் வராது. இவங்க வந்து படுத்தா இன்னா, ராத்திரி எழுந்து ஊரெல்லாம் ஜபமா பண்ணப் போறாங்க?”

முதலில் சிரித்தது மாமாதான். “பண்ணாலும் பண்ணுவா” என்றார். அப்புறம் தோப்பின் தெற்கு ஓரத்தை, உங்கள் இடது கைப் பக்கத்தை, கோலால் கீறிக் காட்டினார். “சிலுவை சின்னதா வெய்யி. எங்க அப்பன் மேல நெழலு வுழக்கூடாது.” சரி என்றேன். நியாயமான நிபந்தனைதான்.

கீழே வந்து பாஸ்டரிடம் சொன்னேன். என்னை அடக்கம் பண்ண மலைக்கு வருவீர்களா என்று கேட்டேன். “வர்றேம்மா. வளைவுல எனக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிட்டுச் செத்துப் போங்க” என்றார். மூப்பரிடமும் நானே போய், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். செய்யுங்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன், ஜெபம் யாருக்கு வேண்டாம்?

அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று இல்லை. அந்தக் கேள்வியை இனி மூப்பரிடமும் மாமாவிடமும் கேட்டு அலைய வேண்டியதில்லை, கேட்க வேண்டியவரிடம் நேராகவே கேட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

அதனால் இந்த வாக்கைக் கொடுக்கிறேன். என் ஆண்டவர் முன்னால் போய் நின்றதும், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். உங்களைக் கேட்பேன். உங்கள் அப்பாவை, அம்மாவை, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்பேன். இல்லை என்று சொன்னால் பேரம் பேசுவேன். ஒரு ஊரையே அழிக்காமல் விடச் சொல்லி அவரிடம் பேரம் பேசினவர் வேதத்தில் இருக்கிறார். ஆண்டவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் என் இயேசு, எனக்காக உயிரைக் கொடுத்தவர், இரக்கத்தில் கை இறுக்கிப் பிடிக்கிறவர் இல்லை. நானும், உங்களுக்குத்தான் தெரியுமே, எந்தப் பேரத்திலும் முதலில் எழுந்து போனவள் இல்லை.

உங்கள் இடது கைப் பக்கத்துக்கு வரப்போகிற
உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகா