கதாநாயகன் அணியில் நான்

ஜனவரி 4, ஞாயிறு

பனி. தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. ஏழு மணிக்கும் மைய மண்டபம் தெரியவில்லை. மப்ளர் எடுத்துப் போகவில்லை. தும்மல்.

புது டைரி. நகைக்கடையில் கொடுத்தது. முதல் மூன்று நாள் காலி, என்ன எழுதுவது என்று தெரியாமல்.

காலைக் காட்சி. கோயம்புத்தூரிலிருந்து மகள் டிக்கெட் போட்டுப் போனுக்கு அனுப்பியிருந்தாள். நானும் எதிர்வீட்டுக் காஜா பாயும். பாய்க்கு விளக்குத்தூண் பக்கம் பொத்தான், ஜிப் கடை. ஞாயிறு லீவு. ஆனால் படத்திலும் தொழில் பார்ப்பார். சண்டை உச்சத்தில் இருக்கும்போது என் காதில்: "சார், போன ஷாட்ல மூணு பொத்தான் திறந்து கெடந்துச்சு. இப்ப ரெண்டு. நடுவுல யாரு வந்து மாட்டுனது?"

படம் பற்றி:

– நாயகன் வர வெகுநேரம். முதலில் செருப்பு. பிறகு கைக்கடிகாரம். பிறகு முதுகு. முகம் கடைசியில்.

– அடியாட்கள் ரேஷன் கடை வரிசை. ஒருவர் வாங்கிக்கொண்டு போனபின் அடுத்தவர்.

– இடைவேளைக்குப் பிறகு நாயகியைக் காணோம். யாரும் தேடவில்லை.

– நாயகன் என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவர். இன்னும் கல்லூரியில் படிக்கிறார். எனக்கு மூட்டுவலி, அவர் காம்பவுண்டுச் சுவர் தாண்டுகிறார். பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

முட்டை பப்ஸ் ஆறிப்போயிருந்தது.

ம.ப. இதிலும் இல்லை. இரண்டு வருஷமாகவே எதிலும் இல்லை.

ம.ப. யார் என்று இதுவரை எங்கும் எழுதி வைத்ததில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. புது டைரிக்குச் சொல்லலாம். பெயர் தெரியாத ஒரு நடிகர். பெயர்கள் ஓடி முடியும்போது 'மற்றும் பலர்' என்று வருமே, அதில் ஒருவர். அதனால் ம.ப. கல்லூரி நாளிலிருந்து பார்க்கிறேன். டாக்டர், தபால்காரர், பெண்ணின் சித்தப்பா, பஞ்சாயத்தில் ஓரமாக நிற்பவர். ஒரு வசனம், மிஞ்சினால் இரண்டு. எனக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்டால் பெரிய பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவேன். உண்மையில் இவர்தான்.

மாலை செல்வம் வந்தார். காலனிச் சங்கச் செயலாளர், டைல்ஸ் வியாபாரம். காணும் பொங்கலுக்குப் பட்டிமன்றமாம். தலைப்பு: படத்தைத் தூக்கி நிறுத்துவது கதாநாயகனா, துணை நடிகர்களா? நான் பேச வேண்டுமாம்.

எனக்குப் பேச வராது என்றேன். முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே உட்கார்ந்தவன்.

அடுப்படியிலிருந்து கோமதி: "எழுதிக்கோ தம்பி. அவரு பேசுவாரு. கல்யாணம் ஆன நாளா நானும் கேக்கணும்னு பாக்குறேன்."

எந்த அணி என்பதற்குச் சீட்டு. எவர்சில்வர் டம்ளரில் குலுக்கினார். பாயும் பேசுகிறாராம்; அவருக்குத் துணை நடிகர்கள். எனக்குக் கதாநாயகன்.

மாற்றிக்கொள்ளலாமா என்று செல்வத்திடம் கேட்டேன்.

"சீட்டு எடுத்துட்டு மாத்துனா நல்லாயிருக்காது சார். உங்க அணித் தலைவர் நான் இருக்கேன்ல. என் பக்கத்துல உக்காந்துக்கங்க."

மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது ஒரு பயம். ஊர் முன்னால் ம.ப.வுக்கு எதிராகப் பேச வேண்டும். அது இன்னொன்று.

ஜனவரி 7, புதன்

பனி குறைவு. கேஸ் புக் செய்தது. கண் சொட்டு மருந்து தீர்ந்தது.

தெருமுனையில் ஃப்ளெக்ஸ். என் படம். பணி ஓய்வு விழாவில் எடுத்தது; கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறார்கள். பின்னால் தீ. தீக்குள் ஒரு காளை. கீழே 'நூலகப் புயல்'. அந்தப் பக்கம் வேகமாக நடக்க முயன்றேன். மூட்டு.

பால் பூத்தில் ஒருவர்: "ஐயா, நிக்கிறீங்க போல. எந்த வார்டு?"

நான் நிற்கவில்லை, பேசத்தான் போகிறேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க" என்றார்.

இனி பின்வாங்க முடியாது. நாயகன் பக்கம் குறிப்பு எடுத்தேன். நாயகன் இல்லாவிட்டால் போஸ்டர் இல்லை, பால் அபிஷேகம் இல்லை, டிக்கெட் இல்லை. எல்லாம் உண்மை. எதிலும் உயிர் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

பாய் கடை சாத்திவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

"பாயிண்ட் ஒண்ணுமே இல்ல சார். எனக்குத் தெரிஞ்சது பொத்தான் மட்டுந்தான். நாலு பாயிண்ட் குடுங்க."

எதிரணி என்று நினைவூட்டினேன்.

"அல்லாவே, எம்புட்டு வருசமாப் பக்கத்துப் பக்கத்து சீட்டு. இப்பத்தான் எதிரணியா?"

சொல்லிவிட்டேன். ம.ப. பற்றி, முதல்முறையாக, ஒரு மனிதரிடம். சினிமா டாக்டர்கள் எல்லோரும் ஆபரேஷன் அறையிலிருந்து வந்து கண்ணாடியைக் கழற்றுவார்கள். ம.ப. கழற்ற மாட்டார். வெளியே வந்து, கையைக் கோட்டின் ஓரத்தில் ஒருமுறை துடைப்பார். இப்போதுதான் கழுவிய கை இன்னும் ஈரமாக இருப்பதுபோல. பிறகுதான் வசனம். தபால்காரராக வந்தாலும் கடிதம் நீட்டும் முன் அந்தத் துடைப்பு உண்டு. யாரும் அவரைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும் செய்வார். எழுந்து நின்று செய்தும் காட்டினேன்.

பாய் சிரிக்கவில்லை. "பேரு என்ன சார்?"

தெரியாது.

"இப்ப இருக்காரா?"

அதுவும் தெரியாது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பெயர் தெரியாமல் யாரிடம் விசாரிப்பது? பேப்பரில் செய்தி போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

பாய் போனபின் ஒரு சந்தேகம். என் ஒரே நல்ல பாயிண்ட்டை எதிரணிக்குக் கொடுத்தது புத்திசாலித்தனமா? இல்லை. ஆனால் என் அணியில் அது பயன்படாது. அவருக்காக யாராவது ஒருவர் மேடையில் பேசினால் சரி.

ஜனவரி 12, திங்கள்

வெயில் சுள்ளென்று. ஆச்சரியம். வெள்ளையடிக்க ஆள் வரவில்லை.

கோமதி முன்னால் ஒத்திகை. மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கோர்ட்டுல தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்கு."

இன்னொரு முறை. கையை ஆட்டிப் பேசினேன். மொச்சைத் தட்டு கவிழ்ந்தது. இருவரும் பொறுக்கினோம்.

"நீங்க உங்க அணிக்குப் பேசுறீங்களா, பாய் அணிக்கா? ஹீரோவப் பத்திச் சொல்றப்ப கொரலே எழும்ப மாட்டேங்குதே."

கவனித்திருக்கிறாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கிழக்கே பொங்கி வழிந்தது. பாய் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டி போனது. பதிலுக்கு ஆரஞ்சுப் பழம் வந்தது. கரும்பு கடிக்க ஆசை. பல் டாக்டர் நினைவு.

செல்வம் போகிறபோக்கில்: "நீங்க மூணு நிமிசம் பேசுனாப் போதும் சார். மிச்சத்த நான் பாத்துக்கிருவேன்."

பெரிய நிம்மதி. மாலை டிவியில் பழைய படம். ம.ப. வக்கீல் குமாஸ்தாவாக, மீசையுடன். கோப்பைத் தொடும் முன் கையைத் துடைத்தார். உங்களுக்கு எதிராக மூன்று நிமிடம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

செல்வம் விடியற்காலையில் கூட்டாளிகளோடு அலங்காநல்லூர் போய்விட்டார், ஜல்லிக்கட்டுக்கு. சாயங்காலம் திரும்பினார். குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும். அவர் மனைவி மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்தார்.

"பகல் பூராம் மாட்டுக்குக் கத்தியிருக்காரு சார். யாரு மாடுன்னு கூடத் தெரியாது. பட்டிமன்றம் இருக்குன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

செல்வம் என்னைக் காட்டி, பிறகு மேடையைக் காட்டிக் கும்பிட்டார். அணித் தலைவர் நானாம். ஓடிவிடலாமா என்று ஒரு கணம். தெருமுனையில் என் ஃப்ளெக்ஸ். எங்கே ஓடுவது.

நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பக்கத்தில் மணி. எதிரணியில் முதலில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, நன்றாகப் பேசினார். பிறகு பாய்.

பாய் மைக்கைப் பிடித்ததும் பேசவில்லை. கையைச் சட்டை ஓரத்தில் துடைத்தார். கூட்டம் சிரித்தது. மறுபடி துடைத்தார். இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. ம.ப.வைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. பிறகு பாய் சொன்னார்: "இப்படிக் கையத் தொடைக்கிற டாக்டர் ஒருத்தர நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க. அவரு பேரு என்ன? ஒருத்தருக்கும் தெரியாது. அவர மட்டும் பாக்கவே படத்துக்குப் போற எங்க சாருக்கே தெரியாது." என்னைக் காட்டினார்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நடுவர்: "எதிரணித் தலைவரே சரக்கு சப்ளை பண்ணியிருக்காரு போலிருக்கே. வாங்க ஐயா, உங்க அணியை எப்படிக் காப்பாத்துறீங்கன்னு பாப்போம்."

எழுந்தேன். மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது. செல்வம் ஓடி வந்து இறக்கினார். குறிப்புத் தாள் பையில் இருந்தது; எடுக்கத் தோன்றவில்லை. பிறகு பேசினேன். நினைவில் உள்ளவரை:

"நண்பர் சொன்னது உண்மை. அந்த நடிகரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் கதாநாயகன் வேண்டும் என்கிறேன். நாயகன் வருகிறார், விசில் பறக்கிறது, எல்லோர் கண்ணும் அவர்மேல். அந்த வெளிச்சம், சத்தம், திருஷ்டி எல்லாவற்றையும் அவர் ஒருவரே தாங்குகிறார். அவர் முன்னால் நிற்பதால் பின்னால் ஒருவர் பயமில்லாமல் தன் கையைத் துடைத்துக்கொள்ள முடிகிறது. நாயகன் இல்லாவிட்டால் எல்லோரும் அவரை அல்லவா பார்ப்பார்கள்? அவருக்குக் கை நடுங்கியிருக்கும். எனக்கு இப்போது நடுங்குகிறதே, அதைப் போல. எங்கள் அணித் தலைவர் செல்வம் முன்னால் நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் நான் மேடை ஏறினேன். அவருக்குத் தொண்டை போனதும் என் கதி என்ன ஆயிற்று, பாருங்கள். ஒரு படத்துக்கு நாயகன் தேவை என்பதற்கு இதைவிடவா சாட்சி வேண்டும்?"

கைதட்டல். செல்வம் சத்தமில்லாமல் வாயைத் திறந்து கத்தினார். நடுவர் மணியை அடிக்க மறந்து கையில் வைத்திருந்தார்.

தீர்ப்பு: கதாநாயகன்.

இறங்கும்போது பாய்: "உங்க பாயிண்ட எனக்குக் குடுத்து, அதை வச்சே என்னைய அடிச்சுப்புட்டீங்களே சார். இதுக்குப் பேருதான் வில்லன்."

கோமதி: "பரவால்ல. காலர்தான் மடங்கிக் கெடந்துச்சு."

பேசியது என் நம்பிக்கைதானா, தப்பிக்கச் சொன்னதா? இன்னும் முடிவு தெரியவில்லை.

ஜனவரி 21, புதன்

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். இப்போது இஸ்திரி வண்டிக்குக் கூரை. நான் தலைகீழாக இருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி அந்த வெயிலுக்குப் பொருத்தம்.

இரண்டு சட்டை தேய்க்கக் கொடுத்தது. செல்வத்துக்குக் குரல் பாதி வந்திருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

பனி மறுபடி. மப்ளர் எடுத்துக்கொண்டேன்.

காலைக் காட்சி. கூட்டம். அதே நாயகன். இந்த முறை ஆஸ்பத்திரி நடைபாதையில் ஸ்லோ மோஷனில் ஓடி வருகிறார், கோட்டு பறக்க. விசில், கிழித்த காகிதம். முன்வரிசை முழுக்க எழுந்து போனைத் தூக்கியது. பாய் பொத்தான்களில் இருந்தார்.

நடைபாதை ஓரம் ஒரு பெஞ்சு. அதில் ஒரு கிழவர், மெலிந்து, வேட்டியில். நாயகனுக்கு வழிவிட எழுந்தார். சுவரைப் பிடிக்கும் முன் கையை வேட்டி ஓரத்தில் துடைத்தார்.

நான் பாயின் முழங்கையைத் தொட்டிருக்கிறேன் போல.

"வந்துட்டாரா சார்?"

வந்துவிட்டார் என்றேன்.

"டாக்டரா?"

இல்லை. நோயாளி. பெஞ்சில்.

பாய் திரையைத் தேடினார். அதற்குள் காட்சி மாறிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சார், இது எப்ப எடுத்த படமோ, இப்ப அவரு..." என்று ஆரம்பித்தார்.

நீங்கள் பொத்தானைப் பாருங்கள் என்றேன்.