பத்துப் பாட்டும் தர்சினியின் பேரும்

கடலோடு போன என் யோகத்துக்கு, உன் மூத்த மச்சாள் வவுணதீவிலிருந்து எழுதுவது.

நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் எங்கள் பாட்டைச் சொல்கிறேன். இந்தப் பக்கமும் கரண்ட் வந்துவிட்டது. சண்டை முடிந்த பிறகு தூண் நட்டு, வட்டையை ஊடறுத்துக் கம்பி இழுத்தார்கள். வயல் நடுவே வரிசையாகத் தூண்கள் நிற்பதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். கொக்குகளுக்கு நல்ல வசதி.

என் வீட்டிலும் ஒரு டீவி இருக்கிறது, யோகம். பற்றறி வேண்டாம். சுவரில் தட்டினால் படம் வருகிறது. நான் சமயப் பேச்சும் செய்தியும்தான் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பின்னேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நம் பத்துப் பாட்டு நிகழ்ச்சியைப் பற்றி ஒரு மணித்தியாலம் காட்டினார்கள். சுளகை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த அறிவிப்பாளரும் வந்து இருந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், உடம்பும் வைத்துவிட்டது. பல்லு மட்டும் அதே பல்லுதான். “பாட்டுக்கில்ல மச்சாள், இவள்ட பல்லுக்குத்தான் முதலாம் இடம் குடுக்கணும்” என்று நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வாயே, அந்தப் பல்லு. அவள் சொன்னாள்: “சாக்குச் சாக்காகத் தபாலட்டை வரும். ஒரே கையெழுத்தில் ஏழெட்டுப் பேர் எழுதியிருப்பார்கள். எங்களுக்குத் தெரியும். ஆனாலும் எல்லாப் பேரையும் வாசிப்போம். ஊரில் யாரோ காத்துக்கொண்டு இருப்பார்கள் அல்லவா?”

அவள் உன்னைத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். வேறு யாரைச் சொல்லப்போகிறாள்?

இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். யோகம் என் தம்பியின் மனைவி. நம் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். தம்பியும் கடற்கரையோரம் யோகத்தின் வீட்டுக்குப் போனான். தொண்ணூறுகளில் சண்டைக்குப் பயந்து எங்கள் ஊரான வவுணதீவைவிட்டு ஓடியபோது, அந்த வளவில்தான் எனக்கும் ஒரு கொட்டில் போடவிட்டாள். வந்தவளை வந்தவளாக ஒருநாளும் வைத்திருக்கவில்லை.

அந்த ஊரில் அப்போது கரண்ட் இல்லை. தம்பி வேளாண்மை வெட்டிய காசில் ஒரு பழைய டீவி வாங்கினான். சனிக்கிழமை பின்னேரம் உழவு மெசினிலிருந்து பற்றறியைக் கழற்றி, திருநீறு பூசாத குறையாகத் தூக்கிக்கொண்டு வருவான். இரும்புக் குழாயில் அன்ரனா. அதைத் திருப்ப ஒருவர் வெளியே நிற்கவேண்டும். அக்கம்பக்கமெல்லாம் வந்துவிடும். பத்தாம் இடத்தில் தொடங்கி முதலாம் இடம்வரை பாட்டுகள் வரும். எந்தப் பாட்டு எந்த இடம் என்பது நேயர்கள் அனுப்பும் தபாலட்டையால் முடிவாகும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதற்கு வாக்குப் போட்ட சிலரின் பேரை ஊரோடு வாசிப்பார்கள்.

உனக்குப் பாட்டைவிட அந்தப் பேர் வாசிப்புத்தான் பெரிது. யோகம், அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒருநாள் நீ அட்டைகளைப் பரப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தாய். நான் வீட்டுக் கணக்கை முடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

“என்ட பேரையும் எழுதியிருக்கிறாய்! எந்தப் பாட்டுக்குகா?”

“மூணாம் இடத்துப் பாட்டுக்கு. மழையில நனைஞ்சு நனைஞ்சு ஒருத்தி ஆடுறாளே, அது.”

“சிவ சிவா! நான் வெள்ளிக்கிழமை விரதம் இரிக்கிறவள்.”

“பாட்டு வாறது சனிக்கிழமதானே மச்சாள்.”

“கிழிச்சுப் போடு.”

“ஒண்ணா, கிழிக்கமாட்டன். அட்டைக்குக் காசு குடுத்திரிக்கன். வேணுமெண்டா தேங்காய்க் கணக்கில எழுதுங்க, கணக்குப்பிள்ள.”

உனக்குப் பாட்டு ஆட்டம் பாட்டமாக இருக்கவேண்டும். எனக்கு அதில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் எட்டாம் இடத்தில் இருந்தது ஐந்தாம் இடத்துக்கு ஏறினால் நானும் ஏன் சந்தோசப்பட்டேன்? அடுப்பில் கிடந்ததை இறக்கிவைத்துவிட்டு ஏன் ஓடிவந்தேன்? ஏறுவதும் இறங்குவதும் பாட்டு மட்டுமாக இருந்த ஒரு மணித்தியாலம் அது. மற்ற நேரமெல்லாம் வெடிச் சத்தம் கேட்டால் நாம் எண்ணியது வேறு.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. நாலாம் இடத்துப் பாட்டுக்கு அறிவிப்பாளர் பேர் வாசிக்கிறாள். நடுவில், “மட்டக்களப்பிலிருந்து கணபதிப்பிள்ளை” என்றாள்.

உன் அப்பா. செத்து வருசம் திரும்பி ஆட்டத் திவசமும் முடிந்த மனிசன்.

பக்கத்து வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. “செத்தவர்ட பேர உசிரோட இரிக்கிறாக்களோட சேக்கிறதா? இது பாவம் யோகம்” என்றேன். நீ டீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்பாக்குப் பாட்டெண்டா உசிர். அவருக்கும் ஒரு வாக்குப் போட்டன்.”

“அதுக்காக?”

“கோயில்ல வாசிச்சா செத்தவர் எண்டு வாசிக்கிறாங்க மச்சாள். இவள் மட்டும்தான் இரிக்கிறவர் எண்டு வாசிச்சாள்.”

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். தேவாரப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் எழுத்துப் படித்தேன். அதில் இதற்குப் பதில் இல்லை.

உன் மகள் தர்சினி அதைப் பார்த்துவிட்டுத் தன் பேரும் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நீ எழுதிப் போட்டாய். கிழமைக்குக் கிழமை காத்திருந்தாள். கடைசியில் ஒருநாள் முதலாம் இடத்துக்குப் பேர் வாசிக்கிறபோது பற்றறி இறங்கத் தொடங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கி வந்தது. “தர்சினி, மட்டக்க” என்றதோடு குரலும் போயிற்று. அது நம் தர்சினியா, வேறு தர்சினியா? கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

“நான்தான் மாமி. எனக்குத் தெரியும்” என்று அவள் என் சீலையைப் பிடித்து இழுத்தாள்.

“ஓம்கா, நீதான்” என்றேன்.

நான் சொன்னது உண்மையா என்று இன்றைக்கும் தெரியாது.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் நான் வவுணதீவுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குச் சற்று முன்புதான் ரியூசனுக்குப் போன தர்சினி வீட்டுக்கு வரவில்லை. இயக்கத்தில் இருக்கிறாள், வன்னியில் என்றார்கள். நீ யார் யாரையெல்லாம் போய்ப் பார்த்தாய், எந்த வாசலில் எல்லாம் விழுந்து கும்பிட்டாய் என்பதை இங்கே எழுதமாட்டேன். அதன் பிறகு நீ டீவி போட்டதே இல்லை என்று தம்பி சொன்னான்.

பிறகு கடல் எழும்பி ஊருக்குள் வந்த அந்த மார்கழிப் பூரணை. நான் வவுணதீவில் வயலுக்குள் நின்றேன். வாவியைக் கடந்து சேதி வருகிறபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் சட்டையைப் பார்த்துத்தான் தம்பி அடையாளம் சொன்னான். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாரோடும் சேர்த்து மணலில் தாட்டார்கள். வீடு இருந்த இடத்தில் அன்ரனாக் குழாய் மட்டும் வளைந்துபோய் நின்றது.

நீ போனது தர்சினிக்குத் தெரியுமா? இதைத்தான் நான் சாமி அறையில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

தாய் இல்லாதவர்கள் சித்திரைப் பூரணைக்கு விரதம் இருக்கவேண்டும். அது பிள்ளையின் கடமை. உனக்கு ஒரே பிள்ளை. அவள் இல்லாததால் அந்த விரதத்தை நான் பிடித்து வருகிறேன். “இது என்ட விரதமில்ல, என்ட மருமகளுட விரதம். அவள் வாற மட்டும் கைமாத்தாப் பிடிக்கிறன்” என்று கோயில் ஐயரிடம் முதல் வருசமே சொல்லிவிட்டேன். மனிதரின் பாவ புண்ணியக் கணக்கெழுதும் சித்திரபுத்திரனாருக்கு உரிய நாள் அது. எங்கள் கோயிலில் அவர் கதையைப் படித்து, கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். எனக்கும் கணக்கு எழுதித்தான் பழக்கம். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாத ஒன்று வந்தால், அவர் என்ன செய்வார் என்று யோசிப்பேன்.

சண்டை முடிந்ததும் தம்பி வவுனியா முகாம்களுக்குப் போனான். அங்கே ஒலிபெருக்கியில் பேர் கூப்பிடுவார்களாம். வேலிக்கு வெளியே வெயிலில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தானாம். “அக்கா, எத்தின தர்சினி தெரியுமா? ஒவ்வொருக்காவும் எழும்பினன்” என்றான். எல்லாரும் வேறு தகப்பன்மாரின் தர்சினிகள். சண்டையின் கடைசிக் காலத்தில் நம் தர்சினியைக் கண்டதாக ஒருத்தி சொன்னாள். காணவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள்.

இப்போது அவன் வீட்டுத்திட்டத்தில் தனியே இருக்கிறான். நெஞ்சு வருத்தம். தர்சினிக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அரசாங்கக் கந்தோரில் கூப்பிடுகிறார்கள். அவன் போகவில்லை. ஆனால் இந்தச் சித்திரைக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“அக்கா, இந்த முறை யோகத்தோட அவள்ட பேரையும் வாசிப்பம்.”

“என்ன கதைக்கிறாய் தம்பி?”

“செத்திருந்தா? ஒருத்தரும் தண்ணி குடுக்கல்ல, ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடல்ல. பசியோட நிப்பாள் அக்கா.”

“உசிரோட இரிந்தா? இரிக்கிற புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறதா? அந்தப் பாவத்த ஆர் சுமக்கிற?”

“நான் சுமக்கிறன். அவள்ட பேர ஒருக்கா ஆராவது முழுசா வாசிக்கிறதக் கேக்கணும். அது போதும்.”

அவன் சொன்னதிலும் பிழை இல்லை, நான் சொன்னதிலும் பிழை இல்லை. வாசித்தால் கொன்றது போல. வாசிக்காவிட்டால் பட்டினி போட்டது போல. யோகம், நீ தாய். நீ என்ன சொல்லியிருப்பாய்?

பூரணையன்று தம்பியும் வந்தான். குளத்தடியில் வரிசை. எங்கள் முறை வந்தது. இலை விரித்து, பச்சரிசியும் மரக்கறியும் வைத்தோம்.

“ஆருக்கு?” என்றார் ஐயர்.

“யோகமலர்.”

தம்பி என்னைப் பார்த்தான். அவன் வாய் திறக்கப்போகிறான் என்று தெரிந்தது. எனக்குச் சட்டென்று அந்த அறிவிப்பாளரும், நீ டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன.

“செய்யிறது?” என்று கேட்ட ஐயர், வழக்கம்போல என் பேரைச் சொல்லத் தொடங்கினார்.

“இல்ல ஐயா. என்ட பேர் வேணாம். மகள் தர்சினி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “புள்ள வந்திரிக்கா?”

“வரல்ல. அவளுட விரதம்தானே ஐயா, அவளுட பேரிலயே வாசிங்க.”

செய்கிறவர் உயிரோடு இருப்பவர். அவருக்குத்தான் நட்சத்திரம் கேட்பார்கள். ஐயர் தம்பியின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, “நட்சத்திரம்?” என்றார்.

“அத்தம்” என்றான் தம்பி.

ஐயர் வாசித்தார். பேர், நட்சத்திரம், ஊர். நடுவில் நிற்கவில்லை, யோகம். முழுதாக வாசித்தார். தம்பி தரையில் குந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். “அக்கா, கேட்டன்” என்றான்.

நான் செய்தது சரியா? ஐயர் இரங்கி வாசித்தாரா, முறைப்படி வாசித்தாரா? தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. நீ அன்றைக்குச் செத்தவரை இருக்கிறவரோடு வாசிக்கவைத்தாய் என்று சண்டை பிடித்தவள் நான். இன்றைக்கு நான் வாசிக்கவைத்தது யாரை?

குளத்தடியிலேயே ஒன்று மட்டும் செய்தேன். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. உன் இலையில் ஒருவருக்கு அல்ல, இரண்டு பேருக்குப் போதுமாக வைத்தேன். பேர் உன் பேர் மட்டும்தான். அவள் அங்கே உன்னிடம் வந்திருந்தால், கேட்டுக்கொண்டு நிற்கவிடாதே. உனக்குப் படைத்ததில் எடுத்துக் கொடு. வந்திருக்காவிட்டால் மிச்சம் கிடக்கட்டும்.

எனக்கு நடக்கக்கூடிய மட்டும் ஒவ்வொரு சித்திரைக்கும் அப்படித்தான் வைப்பேன். அவள் பேரை இருக்கிறவர்களின் வரிசையிலேயே சொல்வேன். அவளே வந்து, “மாமி, நீங்க தள்ளுங்க, இது என்ட விரதம்” என்று இலையை என் கையிலிருந்து வாங்கும்வரை.

உன் மூத்த மச்சாள்,
தர்சினியின் மாமி