சரசுவின் கைக்கு ஏற்ற ட்ரைபாட்

டிசம்பர் 4, 1994. ஞாயிறு.
விடியலில் நல்ல பனி. வெந்நீர் போட்டது நான். சரசுவுக்கு மணிக்கட்டுக் கட்டுப் பிரித்து ஒரு மாதம். எலும்பு கூடிவிட்டது, வலது கையில் பிடி மட்டும் வரவில்லை. காப்பி டம்ளர்கூட இடது கையில்தான்.

போத்தனூர் ஸ்டேஷன் படியில் வழுக்கினபோது கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்தாள். கேமராவுக்கு ஒரு கீறல் இல்லை. என்ன மனுஷி!

கட்டுப் பிரித்த பிறகு அவள் எடுத்த ரோலின் பிரிண்ட் இன்று வந்தது. கேமராவை அசையாமல் பிடிக்க முடியாததால் முழுக்க மங்கல். விஷ்ணுகிராந்திப் பூ என்று அவள் சொன்னதால் தெரிந்தது, இல்லாவிட்டால் நீலமாக ஒரு கறை. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். தரையோடு கிடக்கும் பொடிப் பூக்களைத்தான் எடுப்பாள், யாரும் பார்க்காததை. கேமராவைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.
"போதுமுங்க. இத்தன வருசம் எடுத்தாச்சு."
சாதாரணமாகத்தான் சொன்னாள். கேமராவைத் தாங்க ஒரு முக்காலி வாங்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

டிசம்பர் 6. செவ்வாய்.
பட்டறையில் இரண்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்ட வேண்டியது. நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஒப்பணக்கார வீதிக் கேமராக் கடை. கடைக்காரப் பாய் நாலைந்து ட்ரைபாட் எடுத்துப் போட்டார். ஒன்று என் மூக்கு உயரம் வந்தது, ஜம்மென்று இருந்தது. மேலே கேமரா மாட்டும் ஹெட் உருண்டை வகை. ஒரே திருகுதான். தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பும், இறுக்கினால் நிற்கும். என் கைக்கு வெண்ணெய் மாதிரி.
"அம்மாவுக்குங்களா? அவங்களயும் கூட்டியாந்திருக்கலாமே."
"தெரியாம கொண்டுபோய்க் குடுக்கோணுமுங்க பாய்."

சாயங்காலம் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. பீரோவிலிருந்து கேமராவை எடுத்து மாட்டி, இடது கையால் திருகைத் தளர்த்தினாள். கேமரா பொட்டென்று தலை தொங்கியது. தாங்கப்போன வலது கை மடங்க, "அம்மா!" என்றாள்.
"ஒரு கை திருகோணும், ஒரு கை புடிக்கோணும். எனக்கேதுங்க ரெண்டு கை?"
அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மூன்று காலையும் மடக்கிவைத்தேன்.

டிசம்பர் 7. புதன்.
தோசை சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.
"நா பக்கத்துல நின்னு புடிச்சுக்கறேன் அம்மணி."
"பூவு நீங்க பட்டறய மூடிப்போட்டு வார வரைக்கும் விரிஞ்சிருக்குமுங்களா? அப்பறம், எனக்கெதுக்குங்க அத்தன உசரம்? நா தரையில கெடக்கறவ."
அடடா. இதை ஏன் நேற்றே கேட்கவில்லை? இருபது வருஷமாக அவள் முழங்கை மண்ணைத் தட்டிவிடுகிறவன் நான்.
சனிக்கிழமை இருவரும் போவதென்று முடிவு. நான் எழும்பும்போது இன்னொரு தோசை போட்டாள். கோபமில்லை.

டிசம்பர் 10. சனி.
லேசான தூறல். கடையில் சரசு முதலில் செய்த காரியம்: சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பாயும் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்துவிட்டார்.
"காலு இன்னும் அகலுங்களா?"
அகன்றது. ஆனால் நடுத்தண்டு தரையில் இடித்தது. வேண்டாம். அடுத்ததில் தண்டு குட்டை. கால்களை விரித்தால் தவளை மாதிரி படுத்துக்கொண்டது. அதுதான்.

ஹெட்டுக்கு ரொம்ப நேரம். கடைசியில் மூன்று கைப்பிடி வைத்த ஒன்று. மேல்கீழுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று, சாய்க்க ஒன்று. ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டும் அசையாது. திருகுகிற கையே கைப்பிடியையும் பிடித்திருப்பதால் கேமரா விழ வழியில்லை. இடது கையால் திருப்பினாள், நிறுத்தினாள். மறுபடி. மறுபடி. சின்னப் பிள்ளை மாதிரி.
"கனமா இருக்குதே, சரசு."
"தூக்கறதுக்கு நீங்க இருக்கறீங்களே."
பாய் தலை குனிந்துகொண்டு சிரித்தார். பழையதை மாற்றிக்கொடுத்ததும் அவர் நல்ல மனசு.

டிசம்பர் 11. ஞாயிறு.
முதல் பஸ்ஸில் அன்னூர். பையில்: ட்ரைபாட், பிலிம், இட்லி, தண்ணீர், அவள் படுக்கப் பழைய சாக்கு. சுமந்தது யார் என்று எழுத வேண்டியதில்லை.

மழைக்குப் பிறகு தரிசுக் காடெல்லாம் பச்சை. புல்லுக்குள்ளே விஷ்ணுகிராந்தி, மூக்குத்திக் கல் அளவு நீலம். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து பார்த்தது.
"ஏனுங்க, அந்தக்காவுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"
"போட்டோ எடுக்கறாங்க."
"தரையயா?" என்று கேட்டுவிட்டு ஆட்டுப் பின்னால் போய்விட்டது.

ஏதாவது பிடிக்க வேண்டியிருக்குமோ என்று நானும் கிட்டே போனேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்:
"ஏனுங்க, அக்கட்ட போங்க. உங்க நெழலு பூ மேல உழுகுது."
வேப்பமரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்தேன். ரோல் முடியும்வரை ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. நல்ல தூக்கம்.