டிக்கிக்குள் நீலப் பெயிண்ட்

சத்தமாகக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் என் அப்பாவுக்கு,

இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. கரையெங்கும் பெயிண்ட் வாசனை. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் படகுக்காரர்களை முந்திக்கொண்டு நம் வீட்டுக் கம்பிக் கதவு, அடிபம்பு, என் சைக்கிள் என்று கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் சுரண்டிச் செங்காவி நிறத்தில் நிறுத்தியிருப்பீர்கள். கடலை விட்டு எட்டு வருஷமாகியும் அந்தப் பழக்கத்தை மட்டும் நீங்கள் விடவில்லை. ஒருமுறை அம்மாவின் இரும்புச் சட்டிக்குக்கூட அடிக்கப் போனீர்களே, நினைவிருக்கிறதா?

நான் இப்போது உங்கள் அம்பாசிடரை ஓட்டுகிறேன். லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மற்ற நாளெல்லாம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை, சனிக்கிழமை மட்டும் நாகூர் ரயிலடியிலிருந்து திருநள்ளாற்றுக்குச் சவாரி போகிறேன். பெண்பிள்ளை ஓட்டுவதைப் பார்த்து முதலில் தயங்குகிறவர்கள், இறங்கும்போது நம்பர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு சவாரிக்குக் கிளம்பிவிட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். போன ஆடியிலிருந்து மனசில் கிடக்கிறது. அதற்குமுன் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேளுங்கள்.

போன வருஷம் பங்குனியில் ஒருநாள் சவாரி முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைத் தேடிக்கொண்டு வந்தீர்கள். கடற்கரைச் சாலையில் யாரோ கல்ஃபிலிருந்து வந்தவருடைய கார் உங்களைக் கடந்து போயிருக்கிறது. "பாப்பா, அந்தக் காருல பாட்டு கேட்டுச்சு" என்றீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

இருபது வருஷம் படகு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் உங்கள் வலக்காது அடியோடு போயிருந்தது, இடக்காது பாதி. நம் கார்க் கதவில் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் உங்களுக்குக் கொசு ரீங்காரம் அளவுக்குக்கூடக் கேட்காது. பாட்டு கேட்ட கடைசி நாள் எது என்றே உங்களுக்கு நினைவில்லை. அந்தக் காரில் இருந்தது சப்வூஃபர், மேளம்போல அதிரும் அடிச்சத்தத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரும் பெரிய ஸ்பீக்கர். அது உங்கள் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கு வந்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்கு இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று அன்றைக்கே என்னைத் திட்டிக்கொண்டேன்.

குவைத்தில் பத்து வருஷம் கார்களுக்கு இதே வேலை பார்த்துவிட்டு வந்த ஜெய்லானி பாயிடம் போனோம். தன் காருக்கென்று கொண்டுவந்து, காரையே விற்றுவிட்டதால் அட்டைப்பெட்டியிலேயே கிடந்த சப்வூஃபரையும் ஆம்ப்ளிஃபயரையும் கொடுத்தார். தானே மாட்டித் தருவதாகவும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். என் அப்பாவுக்கு நானே மாட்டவேண்டும் என்று ஒரு வீம்பு.

ஒயரை எங்கே எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரில் ஒரு சாண் தூரத்திலேயே பியூஸ். கரண்டு ஒயர் காரின் ஒரு பக்கம், பாட்டு ஒயர் மறுபக்கம். எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த்து, அதாவது கரண்டு காரின் இரும்பு வழியாகத் திரும்பிப் போகும் இடம், என்று இரண்டுமுறை சொன்னார். "பெயிண்ட சொரண்டி இரும்பு பளபளன்னு தெரியணும்மா. அதுமேலதான் ஒயர முடுக்கணும். இல்லன்னா பெட்டி ஊமையாயிடும்."

ஸ்பீக்கருக்கான மரப்பெட்டியைச் செய்தது நீங்கள். படகுத் தளத்துக்குப் போட்டு மிஞ்சிய பிளைவுட்டை யாரிடமோ கேட்டு வாங்கிவந்து, அறுத்து, மூலைக்கு மூலை ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் பசையைக் கொட்டினீர்கள். காற்று வெளியே போகக்கூடாது என்று நான் சொன்னதுதான் தாமதம், ஸ்பீக்கருக்குத் துளை வெட்டுவதற்குமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அரசலாற்றில் அமுக்கிப் பார்த்தீர்கள். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒரு சொட்டு உள்ள போவல பாப்பா, கடலுக்கே கொண்டு போவலாம்" என்று நனைந்த வேட்டியோடு வந்து நின்றீர்கள். ஜெய்லானி பாய் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, குவைத்தில்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்.

இரண்டு நாள் வேலை. முழங்கை இரண்டிலும் தோல் போயிற்று. டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்து, உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து எர்த்து ஒயரை முடுக்கினேன். எல்லா வேலையிலும் சந்தேகம் இருந்தது, அந்த ஒன்றில் மட்டும் இல்லை.

வரிச்சிக்குடிப் பக்கம் வயல்நடுவே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தீர்கள். எம்பி3 சிடியைப் போட்டேன். நீங்கள் உள்ளங்கையை சீட்டில் ஊன்றிக்கொண்டு தலை குனிந்திருந்தீர்கள்.

"மேளம் கேக்குது பாப்பா."

அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, "பாட்டுக்காரி என்ன சொல்றா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் ஸ்டீயரிங்கில், நான் இடது சீட்டில். உங்கள் நல்ல காது என் பக்கம். சாய்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பெட்டி மேளத்தை வாசித்தது, வார்த்தையை நான் சொன்னேன். ஆறு பாட்டு அப்படிக் கேட்டோம். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை முழுக்க அப்படித்தான் போனது. வைகாசியில் பெட்டி கரகரவென்றது. சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும். பியூஸை மாற்றினேன். பாட்டு ஒயரைப் பிடுங்கி வேறு போட்டேன். நீங்கள் பக்கத்திலேயே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தீர்கள், டீ வாங்கி வந்தீர்கள். சவாரி இல்லாத நேரமெல்லாம் "சரியாயிடுச்சா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எர்த்தைப் பார்த்தாயா என்று ஜெய்லானி பாய் கேட்டபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே சுரண்டி வைத்தது, அதில் ஒரு குறையும் இருக்காது என்றேன். மனசுக்குள் அவர் கொடுத்த ஆம்ப்ளிஃபயரைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். வேர்வை கண்ணில் இறங்குகிறது. நீங்கள் அருகில் நின்று, சத்தம் சரியில்லையே என்றீர்கள். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"காது கேக்காத ஆளுக்கு சத்தம் சரியில்லன்னு எப்படித் தெரியும்?"

முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, டிக்கிக்குள்ளே சொன்னேன். நிமிர்ந்தபோது உங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுநாள் நீங்கள் "பாட்டு வேணாம் பாப்பா, வண்டி ஓடுனா போதும்" என்றீர்கள். அதற்குப்பிறகு பாட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. நானும் அந்த ஸ்விட்சைத் தொடவில்லை. கார்த்திகையில், சவாரி முடிந்து வந்து தண்ணீர் கேட்டவர், சொம்பு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் அப்பா? என் இடப்பக்கம் நின்றிருந்தால் உங்கள் செத்த காது என் பக்கம் இருந்திருக்கும், ஒன்றும் கேட்டிருக்காது. வலப்பக்கம் என்றால் நல்ல காது. ஸ்பானர் கொடுத்த கை நினைவிருக்கிறது, டீ கிளாஸ் நினைவிருக்கிறது, பக்கம் மட்டும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் அம்மா, தடைக்காலம் வந்துவிட்டது, அந்த மனுஷன் இருந்திருந்தால் வண்டியைச் சும்மா விட்டிருக்க மாட்டார், நீயாவது டிக்கியைப் பார் என்றாள். பார்த்தேன். உங்கள் கைவேலைதான் தெரிந்ததே, போன வைகாசியில் டிக்கி தரை முழுக்க ரெட் ஆக்சைடு, துரு பிடிக்காமலிருக்க அடிக்கும் அந்தச் செங்காவிப் பெயிண்ட். அது எனக்குத் தெரியும். எர்த்து ஒயரின் மேலும் அடித்திருந்தீர்கள். மேலேதானே, அடித்தால் என்ன என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் இப்போது போல்ட்டைச் சுற்றி நீலம் தெரிந்தது.

ஸ்பானர் போட்டுக் கழற்றினேன். ஒயரின் வளையத்துக்கு அடியில், நான் வெள்ளையாகத் தேய்த்து வைத்த இடத்தில், செங்காவிப் பெயிண்ட். அதன்மேல் நீலப் பெயிண்ட். ஒரு பிரஷ் முடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா! நீங்கள் ஒயரைக் கழற்றி, கரண்டு போகவேண்டிய இடத்தில் நிதானமாகப் பெயிண்ட் அடித்து, காயவிட்டு, மறுபடி ஒழுங்காக முடுக்கி வைத்திருக்கிறீர்கள். கடலோரத்தில் வெறும் இரும்பைக் கண்டால் உங்களால் எப்படிச் சும்மா போகமுடியும்? சிரித்துவிட்டேன். டிக்கியின் விளிம்பிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அப்புறம்தான் அந்த நீலம் உறைத்தது. நீல டப்பா நீங்கள் ஆவணியில் வாசல் கதவுக்காக வாங்கியது. நான் அப்படிப் பேசினது ஆடியில். பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்தானே? பிறகு எதற்கு மறுபடி ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் போனீர்கள்? நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அல்லவா போயிருக்கிறீர்கள்? துரு பிடித்துத்தான் மகள் போட்ட ஒயர் வேலை செய்யவில்லை என்று நினைத்தீர்களா?

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒங்கப்பாவுக்கு ஒடைஞ்சது எதுன்னாலும் ஒரு கோட்டு அடிச்சா சரியாயிடும்" என்றாள். "சரியாவலன்னா இன்னொரு கோட்டு."

அப்போதுதான் அழுகை வந்தது. நீங்கள் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் சுரண்டினேன். மற்றதைத் தொடவில்லை. வெறும் இரும்பின்மேல் வளையத்தை வைத்து முடுக்கினேன். அதன்பிறகு பரணிலிருந்து உங்கள் நீல டப்பாவை இறக்கி, ஆடை கட்டியிருந்ததைக் கிழித்து, உங்கள் பிரஷாலேயே போல்ட்டின் தலையும் வளையமும் மூடும்படி மேலே அடித்தேன். இதைத்தான் ஜெய்லானி பாயும் சரி என்றார். அடியில் வெறும் இரும்பு இருக்கவேண்டும், மேலே பெயிண்ட் இருக்கவேண்டும், இந்த ஊர் உப்புக்காற்றுக்கு இரண்டும் வேண்டும் என்றார். நான் பாதி வேலைதான் செய்திருந்தேன் அப்பா. மீதிப் பாதியை நீங்கள் தப்பான இடத்தில் செய்துவிட்டீர்கள்.

வரிச்சிக்குடி வயலுக்கே அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பெட்டி பேசியது. சிவப்பு விளக்கு எரியவில்லை. அம்மா உங்களைப்போலவே சீட்டில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், ஆனாலும் ஊன்றிக்கொண்டாள்.

நான் கேட்கவந்த கேள்விக்கு இனி பதில் வராது என்று தெரியும். நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழாமலே போயிருந்தால் எனக்கு நிம்மதி. விழுந்தும், அதற்கப்புறமும் எனக்காக நீலம் அடித்தீர்கள் என்றால், அந்தப் பாரத்தை நான் சுமந்துதான் ஆகவேண்டும். சுமக்கிறேன்.

வருஷா வருஷம் தடைக்காலத்தில் அந்த போல்ட்டைக் கழற்றி, காசளவு தேய்த்து, முடுக்கி, மேலே ஒரு கோட்டு அடிப்பேன். மேலே மட்டும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அம்மாவின் இரும்புச் சட்டிக்கு மட்டும் அடிக்கமாட்டேன்.

இன்னொன்று. சுவரில் இருக்கும் உங்கள் படத்தில் இடக்காது எனக்கு வலப்பக்கமாக வருகிறது. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அந்தப் பக்கமாகப் போய் நிற்கப்போகிறேன். அன்றைக்கு முணுமுணுத்ததுபோல இல்லாமல், தெருவுக்கே கேட்டாலும் பரவாயில்லை என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன்.

தப்பாப் பேசிட்டேன்ப்பா.

ஸ்பானரை எந்தப் பக்கம் நின்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்
உங்கள் மகள்,
பாப்பா